எண்ணூர்க் கழிமுகத்தில் வில்லோடு நின்ற தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

தம்பிகளே,

கார்த்திகை மாதக் கடைசி ஞாயிறு. விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எண்ணூர்ப் பாலத்துக்கு வடக்கே, சாம்பல் படிந்த கரையில் நீங்கள் மூன்று பேர் நின்றிருந்தீர்கள். ஒருவர் கையில் காம்பவுண்ட் வில், இரு முனையிலும் உருளை வைத்தது. அலையாத்திச் செடி ஓரம் ஒரு மடையான் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு மீனுக்காகக் காத்திருந்தது. நாண் அதிர்ந்த சத்தம் எனக்கும் கேட்டது. பறவை எழும்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, இறக்கையில் அம்போடு சேற்றில் அடித்துக்கொண்டே புதருக்குள் போய்விட்டது. பின்னால் நின்று கத்திய பெரியவர் நான்தான்.

"சும்மா ப்ராக்டிஸ் தாத்தா" என்று ஒருவர் சொன்னார். போய்த் தேடுங்கள் என்றேன். "முட்டி வரைக்கும் சேறு, எப்படிப் போறது? வுடு தாத்தா, அதுவே செத்துடும்" என்றார் இன்னொருவர். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். அன்று நான் கோபத்தில் சொன்ன சொற்கள் உதவாத சொற்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. பெயரும் தெரியாது, வீடும் தெரியாது என்பதால் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். உங்களைப் போல இன்னும் சிலர் வில்லோடு கரைக்கு வருகிறார்கள் என்று படகுக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

முதலில் ஒன்று. வேட்டையைப் பற்றி எதுவும் தெரியாமல் பேசும் ஆள் நான் இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் வில்லால் மான் வேட்டையாடியவன். அதை மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது காட்டுக்குப்பம். ஒன்பது வயதில் மூங்கில் பட்டையை வளைத்து, தூண்டில் நரம்பைக் கட்டி, பழைய குடைக்கம்பியைத் தீட்டி அம்பாக்கிக்கொண்டு கொசஸ்தலை ஆற்றங்கரையில் மடவை மீனுக்குக் குறிபார்த்தவன். பத்து அம்பு விட்டால் பத்தும் மீனுக்கு மேலே போகும். "கண்ணுக்குத் தெரியுற மீனு அங்க இல்லடா, அதுக்குக் கீழ இருக்குது" என்று தாத்தா சொல்லித் தந்தார். ஒளி தண்ணீரில் முறிந்து வருவதைப் பள்ளியில் படிக்கும் முன்பே அவரிடம் கற்றுக்கொண்டேன். காற்றையும் அவர்தான் கற்பித்தார். வாடை எப்போது திரும்பும், கச்சான் வீசினால் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கழுத்தின் பின்புறத்தாலேயே சொல்வார். இந்தப் பாடம் எனக்கு எங்கே பயன்படப் போகிறது என்று அப்போது தெரியாது.

எண்ணூரில் லேத் பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டு, 1986ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குப் போனேன். பட்டறையில் என்னைவிட மூத்த வெல்டர் ஒருவர் இருந்தார். என் குடைக்கம்பிக் கதையைக் கேட்டுவிட்டு ஒரு பழைய வில்லைக் கையில் கொடுத்தார். வில் வேட்டைக்குப் பேர்போன மாநிலம் அது. ஃபிரெட் பேர் என்பவர் 1933ல் டெட்ராய்ட்டில் வில் செய்யும் தொழிலைத் தொடங்கி, 1947ல் வடக்கே கிரேலிங் என்ற சிற்றூருக்குக் கொண்டுபோனார். அவர் பேரைச் சொன்னால் அந்த ஊர்ப் பெரியவர்கள் குரலே தணிந்துவிடும்.

ஆனால் வில் வாங்கிய மறுநாளே காட்டுக்குப் போய்விட முடியாது. 1960 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறினால்தான் அங்கே உரிமம். நான் அதற்கு முன் பிறந்தவன், எனக்குக் கட்டாயம் இல்லை. வெல்டர் விடவில்லை, உட்கார வைத்தார். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை வில்லுக்கான பருவம். பிறகு துப்பாக்கிக்காரர்கள் வருவார்கள். அவர்கள் போன பின் டிசம்பரில் மறுபடி வில். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து, மறைந்த பின் அரை மணி வரைதான் அம்பு விடலாம். ஆள் குடியிருக்கும் கட்டடத்துக்கு 450 அடிக்குள் வில்லோடு வேட்டையாடவும் அப்போது கூடாது. வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால் ஒழிய.

முதல் பருவத்தில் பத்தொன்பது நாள் மரத்தில் ஏறி உட்கார்ந்தேன். ஓர் அம்பும் விடவில்லை. வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதே, கயிற்றில் கட்டிப் பிறகு இழு. தரையை விட்டுக் கால் எடுக்கும் முன் இடுப்பு வாரைப் பூட்டு. இவற்றை வெல்டர் தினமும் சொல்வார். அவருடைய நண்பர் ஒருவர் பதினைந்து அடி உயரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்திருந்தார். மேலே உட்கார்ந்த பின் அசையாமல் இருப்பதுதான் வேலை. மான் கண்ணைவிட மூக்கை நம்பும். காற்று என் முதுகிலிருந்து அதன் பக்கம் போனால் நூறு அடிக்கு அப்பாலேயே மூச்சைச் சீறி ஓடிவிடும். அந்த மரத்தின் மேல் எத்தனையோ காலை நேரம் தாத்தாவின் வாடையும் கச்சானும்தான் எனக்குத் துணை.

இப்போது அம்புக்கு வருகிறேன். நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்புக்கு அந்த வலிமை இல்லை. கூர்மையான பிளேடு முனை இரத்தக் குழாய்களை அறுக்க வேண்டும், இரத்தம் வடிந்து உயிர் போக வேண்டும். நெஞ்சுக்கூட்டில் இரண்டு நுரையீரலும் இதயமும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு. அங்கே பட்டால் சில நொடிகளில் மான் விழும். மற்ற எங்கே பட்டாலும் வதை. மான் நமக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது சற்றே அந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றால் எவ்வளவு பெரிய கொம்பாக இருந்தாலும் நாணைத் தளர்த்திவிட வேண்டும்.

தூரமும் அப்படித்தான். 18 மீட்டரை என் அம்பு கடக்க ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி. நாணின் சத்தம் அதைவிட நான்கு மடங்கு வேகத்தில் போய் மானின் காதில் விழுந்துவிடும். கேட்ட நொடியில் மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்தும். அம்பு போய்ச் சேரும்போது நாம் குறிவைத்த இடம் அங்கே இருக்காது. மைதானத்தில் 50 மீட்டரில் நடு வட்டத்தில் அடிப்பவன் காட்டில் 20 மீட்டருக்கு மேல் விடக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம். பலகை குனியாது. மான் குனியும், மடையானும் குனியும்.

எனக்கு இது தெரியும். தெரிந்தும் ஒரு முறை தவறினேன்.

மூன்றாம் ஆண்டு, நவம்பர் தொடக்கம். மாலை வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. சோளக்கொல்லை ஓரத்தில் ஒரு கலைமான் வந்து நின்றது. 30 மீட்டருக்குக் குறையாது. இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று புத்தி சொன்னது. பருவம் முடியப் போகிறதே என்று கை சொன்னது. விட்டேன். கேட்ட ஓசையே சரியில்லை. நுரையீரலில் பட்டால் ஒரு மாதிரி, வயிற்றில் பட்டால் ஈரச்சாக்கில் அடித்த மாதிரி. மான் முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடந்து போயிற்று.

இறங்கி அம்பைப் பார்த்தேன். நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், அரை மணி பொறுத்துப் போகலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நான்கு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். என் அம்பில் பச்சை நிறமும் சாணி நாற்றமும் இருந்தன. குடலில் பட்டிருந்தது. அப்படிப்பட்டால் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் அந்தப் பக்கமே போகக்கூடாது. தொந்தரவு இல்லையென்றால் மான் அருகிலேயே படுத்து அங்கேயே இறந்துவிடும். தொந்தரவு செய்தால் எழுந்து மைல் கணக்கில் போகும். வகுப்பில் படித்தது. ஆனால் குற்ற உணர்ச்சியில் என்னால் காத்திருக்க முடியவில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு உடனே போனேன். இருநூறு அடி தள்ளிப் படுத்திருந்த மான் எழுந்து ஓடும் ஓசை கேட்டது. அதோடு சரி.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தேடினேன். அடுத்த நாளும். இரத்தத் துளி கண்ட இடத்திலெல்லாம் அடையாளத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொண்டே போனேன். ஒரு ஓடைக்கரையில் காகிதம் வைக்க இடம் இல்லாமல் போயிற்று. மூன்றாம் நாள் கழுகுகள் வட்டமிட்டதைப் பார்த்துப் போய்ச் சேர்ந்தேன். நரிகள் தின்றது போக மிச்சம் கிடந்தது. வெல்டர் வந்து பார்த்தார். திட்டவில்லை. "இந்த வருஷம் உன் கணக்கில் ஒரு மான் முடிந்தது" என்றார். மீதிப் பருவம் முழுக்க நான் வில்லை எடுக்கவில்லை.

"அதுவே செத்துடும்" என்று நீங்கள் சொன்னது எனக்கு ஏன் பொறுக்கவில்லை என்று இப்போது புரியும். அது எப்படிச் சாகும், எத்தனை நாளில் சாகும் என்று பார்த்தவன் நான். நாணை விட்டவன் முடிவு வரை கூடப் போக வேண்டும். சேறு முட்டி வரை இருந்தாலும், கழுத்து வரை இருந்தாலும்.

"அப்போ நீங்க மட்டும் வேட்டையாடலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தெற்கு மிச்சிகனில் ஓநாய் கிடையாது. மான் பெருகிக்கொண்டே போகும். அந்த மாநிலத்தில் மட்டும் ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் மானில் மோதுகின்றன. எத்தனை மான், ஆணா பெண்ணா, எந்த வட்டாரத்தில் என்று எண்ணிப் பார்த்து உரிமம் தருகிறார்கள். வில்லுக்கும் அம்புக்கும் ஒரு வரி உண்டு. அந்தப் பணம் காட்டுயிர்களுக்கே போக வேண்டும் என்று 1972ல் சட்டம் செய்தார்கள். அதே 1972ல்தான் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோடு விளையாட்டு வேட்டைக்கு இங்கே கதவு முழுவதும் அடைபட்டது. இந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிக்க முயல்வது, விரட்டுவது, காயப்படுத்துவது, பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பது, எல்லாம் வேட்டைதான். காக்காதானே என்று நினைக்காதீர்கள். அதைக் கொல்லத் தடையில்லை என்று விட்டிருந்த தனி அட்டவணையையும் 2022 திருத்தம் எடுத்துவிட்டது.

அந்தக் கதவு அடைபட்டபோது யார் வயிற்றில் அடி விழுந்தது தெரியுமா? நரிக்குறவர் வயிற்றில். கௌதாரியும் முயலும் பிடித்து வாழ்ந்தவர்கள், தலைமுறை தலைமுறையாக வந்த தொழிலை விட்டுவிட்டு ரயிலடியில் ஊசிமணி விற்கப் போனார்கள். சோற்றுக்காக வேட்டையாடியவர்களே விட்டுக்கொடுத்த பிறகு, பொழுதுபோக்குக்கு அம்பு விட நமக்கு என்ன உரிமை இருக்கிறது? இதை நான் மிகவும் யோசித்துத்தான் சொல்கிறேன்.

இந்தக் கழிமுகப் பறவைகள் படாத பாடு இல்லை. சாம்பல் நீர் இறங்கி ஆறே மேடாகிக் கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து, காட்டுக்குப்பம் படகெல்லாம் கறுத்துப்போனது. இறகில் எண்ணெய் ஒட்டிப் பறக்க முடியாமல் கூழைக்கடா ஒன்று கரையில் நின்றதை நான் பார்த்தேன். அதையெல்லாம் தாண்டி உயிரோடு இருக்கிற மடையான் அது.

பறவையை விடுங்கள், மனிதரைச் சொல்கிறேன். உங்கள் வில்லை மேல்நோக்கிச் சாய்த்து விட்டால் அம்பு இருநூறு மீட்டரைத் தாண்டும். குறி தவறிய அம்பு தண்ணீரில் பட்டுத் தெறித்தும் போகும். நீங்கள் நின்ற இடத்துக்கு எதிரே, வற்றுத் தண்ணீரில், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் வருவார்கள். பறிக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு குனிந்து தடவும்போது தலை மட்டும்தான் வெளியே தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் நீர்க்காகம் மாதிரி இருக்கும். அன்று காலையும் இரண்டு பேர் இருந்தார்கள். நீங்கள் பார்க்கவில்லை.

இன்னொன்று. அம்பு மாட்டாமல் நாணை இழுத்து விட்டு விளையாடினீர்களே, அதை இனிமேல் செய்யாதீர்கள். அம்பு எடுத்துக்கொள்ள வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பும். கை உடைந்து முகத்தில் அடிக்கும். வில்லின் கையைச் சொன்னேன், உங்கள் கைக்கும் அதே கதிதான்.

வில்லை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அன்று வில் பிடித்தவரின் தோளும் நிலையும் நன்றாக இருந்தன. இடது முழங்கை சரியாகத் திரும்பியிருந்தது. அது சொல்லிக்கொடுத்து வருவது இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் வில்லுக்கும் முதல்முறையாக இடம் கொடுத்திருக்கிறார்கள், ஆணும் பெண்ணும் சேர்ந்த அணிக்கு. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஜோதி சுரேகா இதே வகை வில்லால் மூன்று தங்கம் வாங்கினார். பலகையின் பின்னால் மண்மேடு இருக்கும் இடமாகப் பார்த்துப் பழகுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லித்தர ஆசையாக இருக்கிறது.

கரைக்கும் வாருங்கள், வில் இல்லாமல். விடிவதற்கு அரை மணி முன்னால், காற்று முகத்தில் படும்படி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் அசையாமல் இருங்கள். மடையான் பத்தடி தூரத்துக்கு வந்து நிற்கும். அவ்வளவு அருகில் வரவைப்பதுதான் வேட்டையில் பெரிய பங்கு. அம்பு விடுவது அதில் கடைசி ஒரு நொடி. எனக்கு அந்த ஒரு நொடி இப்போது தேவைப்படவில்லை. மற்றதெல்லாம் இன்னும் வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை தண்ணீர் வற்றியதும் ஓர் இருளர் அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புதருக்குள் போனேன். பறவை கிடைக்கவில்லை. அம்பு கிடைத்தது, மஞ்சள் இறகு வைத்த கார்பன் அம்பு. நடுவில் நூல் அளவுக்கு விரிசல் விட்டிருக்கிறது. மறுபடி அதை நாணில் பூட்டினால் வெடித்துச் சிலாம்பு உள்ளங்கையில் ஏறும். அதனால் இரண்டாக வெட்டி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பாலத்தடியில்தான் இருப்பேன். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
காட்டுக்குப்பத்துப் பெரியவர்