ஆர்டர் தாளில் எழுதிக் கொடுத்த அம்மாவுக்கு (2023 பிப்ரவரி 22)

ஆறுக்கு ஒன்று. சியாட்டில் நகர மன்றத்தில் நேற்று அந்த வாக்குக் கணக்கைக் காதால் கேட்டதிலிருந்து அழுகை நின்றபாடில்லை. சாதிப் பாகுபாட்டைச் சட்டம் போட்டுத் தடுத்த முதல் அமெரிக்க நகரம் நம்முடையது. பட்ட பாடு கொஞ்சமல்ல. நன்றி சொல்லவே எழுதுகிறேன்.

முதல் நன்றி, பெயர்கூடக் கேட்க மறந்துபோன ஒருவருக்கு. நேற்றுக் காலையில் மன்றத்தின் வாசலில், பேசக் காத்திருந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்கார அம்மா. வயது அறுபதைத் தாண்டியிருக்கும், உணவகத்தில் பரிமாறும் வேலை. பதற்றத்தில் என் பேச்சுத் தாளில் காப்பியைக் கொட்டிவிட்டேன். அவர் பையிலிருந்து ஆர்டர் எடுக்கும் குறிப்பேட்டை எடுத்து, "சொல், எழுதுகிறேன்" என்றார். "நான் பறையர்" என்ற வரி வந்ததும் எழுத்துக் கூட்டச் சொன்னார். பி, ஏ, ஆர்... ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். "ஊரில் உங்களுக்கு எந்தத் தெரு?" என்று விருந்துகளில் கேட்கும்போதெல்லாம் 11 ஆண்டுகளாக நான் விழுங்கிய சொல் அது. அவர் பெரிய எழுத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, "சரியாகச் சொன்னேனா?" என்றார். அவ்வளவுதான். என் முகத்தை ஆராயவில்லை.

எதற்காக வந்தீர்கள் என்று கேட்டேன். 2014இல் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலிக்காக நகர மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த் போராடியபோது, முன்பின் தெரியாதவர்கள் தனக்காக வந்து நின்றார்களாம்.

சோறு கட்டி வந்தவர்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், வேலை போனாலும் பரவாயில்லை என்று பெயர் சொல்லிப் பேசியவர்கள், தொழிற்சங்கத் தோழர்கள் அனைவருக்கும் என் நன்றி.

க்ஷமாவுக்கு என்ன சொல்ல? தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர், இந்தச் சட்டத்தைத் தன் பெயரில் கொண்டுவந்தார். 2021 டிசம்பரில் அவரைப் பதவியிலிருந்து இறக்க நடந்த வாக்கெடுப்பில் 310 வாக்குகளில்தான் தப்பினார். இன்னும் சில நூறு ஆதரவாளர்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் நேற்று எங்களுக்கு இந்த வெற்றி எது? இனித் தேர்தலில் நிற்கப்போவதில்லை, 'வொர்க்கர்ஸ் ஸ்ட்ரைக் பேக்' என்ற தொழிலாளர் இயக்கத்தைக் கட்டப்போகிறேன் என்று சென்ற மாதம் அறிவித்தபோது எனக்கு மனம் வலித்தது. இப்போது வலிக்கவில்லை. நாற்காலியால் மட்டும் இது நடக்கவில்லை என்பதை அந்த வரிசையில் நின்று பார்த்தேன். அந்த இயக்கத்தில் நானும் சேர்கிறேன்.

எழுதிக் கொடுத்த அம்மா, உங்கள் தாளை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன். பின்பக்கம் யாரோ கேட்ட இரண்டு முட்டையும் ரொட்டியும் உங்கள் கையெழுத்தில் இருக்கின்றன. வாடகை உயர்வுக்கு எதிராக அடுத்து வருவேன் என்றீர்களே, அன்று நான் முன்னதாக வந்து உங்களுக்கு இடம் பிடித்து வைக்கிறேன்.