எம்பாத்-சி எந்த டிஸ்க்கு? எங்க ஃபுட்டேஜ் அழிஞ்சது பத்தின புகார்

வணக்கம் சார்,

சாலிகிராமத்துல எடிட்டிங் ஸ்டுடியோ வெச்சிருக்கோம், ஸ்டோரேஜும் மூணு சர்வரும் உங்ககிட்டதான் வாங்கினோம், ஏஎம்சி-யும் (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) உங்களோடதான். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி உங்க இன்ஜினியர் ரிமோட்ல வந்து, புது 8 டிபி லன்னை (ஸ்டோரேஜ்ல இருந்து சர்வருக்குப் பிரிச்சுக் குடுக்கற டிஸ்க்) ஃபார்மேட் பண்றேன்னு சொல்லிட்டு எங்க ஃபுட்டேஜ் இருந்த லன்னை ஃபார்மேட் பண்ணிட்டாரு. நீங்க டிக்கெட்ல "கஸ்டமர் சைடு பிரச்சனை"ன்னு எழுதி க்ளோஸ் பண்ணிருக்கீங்க. அத நான் ஒத்துக்க மாட்டேன்.

முதல் ரெண்டு சர்வர்ல ஓஎஸ் உள் டிஸ்க்லயே இருக்கு, அதனால அங்க மல்டிபாத் (பல வழில தெரியற ஒரே லன்னை ஒரே டிஸ்க்கா காட்டற சாஃப்ட்வேர்) ஃபுட்டேஜ் லன்னுக்கு எம்பாத்-ஏ, ப்ராக்ஸிக்கு (எடிட்டுக்கான சின்ன சைஸ் காப்பி) எம்பாத்-பி, புதுசுக்கு எம்பாத்-சின்னு பேர் வெச்சிருக்கு. மூணாவது சர்வர் ஆறு மாசம் கழிச்சு நீங்களே கொண்டுவந்து மாட்டுனது, அதுல உள் டிஸ்க்கே கிடையாது, ஸ்டோரேஜ்ல இருந்துதான் பூட் ஆகுது, அதனால பூட் லன் எம்பாத்-ஏ ஆகி, ப்ராக்ஸி பி, ஃபுட்டேஜ் சி-ன்னு வரிசையே மாறிப் போயிடுச்சு. இந்தப் பேரெல்லாம் லன் மேல எழுதி ஒட்டின பேர் இல்ல சார், ஒவ்வொரு சர்வரும் தான் பாத்த வரிசைல வெச்சு தன்னோட பைண்டிங்ஸ் ஃபைல்ல குறிச்சுக்கறது. உங்க ஆள் முதல் சர்வர்ல பாத்து சி-தான் புதுசுன்னு முடிவு பண்ணிட்டு, கமாண்டை மூணாவதுல அடிச்சிருக்காரு, ஏன்னா அது அப்பதான் ரீபூட் ஆகி மூணு சர்வரையும் சேர்த்து வெக்கற க்ளஸ்டர் சர்வீஸ் ஏறாம சும்மா இருந்துச்சு. அங்க ஃபுட்டேஜ் லன் மவுண்ட் ஆகிருந்தா டிவைஸ் பிஸின்னு நின்னுருக்கும். பழைய ஃபைல் சிஸ்டம் இருக்கு, தொடரலாமான்னு ஜிஎஃப்எஸ்2 (எல்லா சர்வரும் ஒரே நேரத்துல பயன்படுத்தற ஃபைல் சிஸ்டம்) ஃபார்மேட் கமாண்ட் கேக்கும், அதுவும் கேக்காம இருக்க உங்க ஸ்கிரிப்ட்ல மைனஸ் ஓ போட்டு வெச்சிருக்கீங்க. ரெண்டு லன்னும் ஒரே சைஸ், அதை வெச்சும் கண்டுபிடிக்க வழியில்ல.

அந்த நேரம் எடிட்டர் தம்பி டைம்லைன்ல வேலை பாத்துட்டு இருந்தான், "அண்ணா இங்க வாங்க"ன்னு கத்துனான், நான் ஓடிப்போய் பாக்கறப்ப க்ளிப் ஒண்ணொண்ணா சிவப்பா மாறிட்டு இருந்துச்சு, மத்த ரெண்டு சர்வர்லயும் ஃபைல் சிஸ்டம் வித்ட்ரா ஆகி நின்னுடுச்சு. அது தின் லன் (எழுத எழுதத்தான் ஸ்டோரேஜ்ல இடம் எடுக்கும்) வேற, ஃபார்மேட் ஆரம்பிக்கும்போதே இந்த இடம் வேணாம்னு டிஸ்கார்ட் கட்டளை போய் ஸ்டோரேஜ் எல்லா பிளாக்கையும் விட்டுடுச்சு, அதைத் தடுக்கற மைனஸ் கே போட்டுருந்தாலாவது ரிக்கவரிக்கு கொஞ்சம் வாய்ப்பு இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை வரைக்கும் எல்டிஓ பேக்கப் டேப்ல இருக்கு. சனி, ஞாயிறு, திங்கள் ஷூட் பண்ணது போயே போச்சு, கேமரா கார்டெல்லாம் திங்கள் ராத்திரியே அடுத்த ஷூட்டுக்கு அழிச்சுக் குடுத்தாச்சு. அதுல ஒரு பாட்டியோட பேட்டி இருந்துச்சு, 84 வயசு, மறுபடி உக்காந்து பேச அவங்களுக்குத் தெம்பு இல்ல.

இதையெல்லாம் நான் முன்னாடியே கேட்டேன். மூணாவது சர்வர் போட்ட வாரமே, எஃப்எஸ்டேப்ல (எந்த டிஸ்க் எங்க மவுண்ட் ஆகணும்னு எழுதற ஃபைல்) ஏன் இதுல மட்டும் டிஸ்க் பேர் வேற மாதிரி இருக்குன்னு மெயில் போட்டேன், "மவுண்ட் ஆகுதுல்ல சார், ஒண்ணும் ஆகாது"ன்னு பதில் வந்துச்சு, அந்த மெயிலையும் இதோட வெச்சிருக்கேன். லன்னோட டபிள்யூ டபிள்யூ ஐடி (மாறாத அடையாள எண்) எந்த சர்வர்ல பாத்தாலும் ஒண்ணுதான், அதுக்கு மல்டிபாத் கான்ஃபிக்ல "ஃபுட்டேஜ்", "ப்ராக்ஸி"ன்னு ஏலியாஸ் (நாமளே வெக்கற பேர்) போட்டு அதே ஃபைலை மூணு சர்வர்லயும் வெச்சிருந்தா முடிஞ்சுது, அரை மணி நேர வேலை சார் அது.

டிக்கெட்டைத் திரும்பத் திறந்து தப்பு உங்க பக்கம்தான்னு எழுத்துல குடுங்க. அந்த மூணு நாள்ல திரும்ப எடுக்க முடிஞ்ச ஷூட்டோட செலவையும் இந்த வருஷ ஏஎம்சி பணத்தையும் திருப்பித் தரணும். மூணு சர்வர்லயும் ஏலியாஸ் போட்டு, ஸ்கிரிப்ட்ல இருந்து அந்த மைனஸ் ஓ-வை எடுத்து, எந்த ஐடி எந்த லன்னுன்னு ஒரு ஷீட் பிரிண்ட் எடுத்து ரேக் கதவுல ஒட்டிட்டுப் போகணும். இந்தத் தடவை ரிமோட்ல வேணாம், ஆளை நேர்ல அனுப்புங்க, நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வரலன்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போறதா முதலாளி சொல்லிட்டாரு.

இப்படிக்கு,
சிஸ்டம் அட்மின், சாலிகிராமம்