கரும்புக் கட்டுக்குள் எரிந்த விளக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் முதுநகரிலிருந்து பண்ருட்டி மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிப் போகும் குட்டியானை வேன் ஓட்டுகிறேன். பதினொரு வருஷமாக இதே ரோடு, இதே விடியாத நேரம். சர்க்கரை ஆலைகளில் கரும்பு அரவை தொடங்கிவிட்டால் அந்த நேரத்தில் எனக்கு முன்னால் போவது பெரும்பாலும் கரும்பு டிராக்டர்தான்.

போன தை மாதம் மேல்பட்டாம்பாக்கம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல பனி. எதிரே வந்த பஸ் ஹைபீமை இறக்கவே இல்லை. அது கடந்து, என் கண் தெளிவதற்குள் எதிரில் கருப்பாக ஒரு சுவர். பிரேக்கை மிதித்த மிதியில் ஐஸ் பெட்டியெல்லாம் சரிந்து கேபினில் வந்து மோதியது. கூட வந்த பையனுக்கு நெற்றி வீங்கிவிட்டது. இறங்கிப் பார்த்தால், டிரெய்லரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்புக்கும் என் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு முழம்கூட இல்லை.

டிராக்டர் டிரைவர் சின்னப் பையன். "லைட்டு எரியுதுண்ணே, பாருங்க" என்று கரும்பை விலக்கிக் காட்டினான். உண்மைதான், கட்டுக்குள்ளே சமர்த்தாகச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அவனை என்ன சொல்லித் திட்டுவது?

60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். ஆபத்தைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போகவே ஒரு நொடி ஓடிவிடும். அப்புறம் காய்ந்த ரோட்டிலேயே வண்டி நிற்க 20 மீட்டராவது வேண்டும். லோடும் பனி ஈரமும் சேர்ந்தால் இன்னும் கூடும். டிம் லைட்டில் தெளிவாகத் தெரிவதோ ஏறக்குறைய 40 மீட்டர். அன்று நான் 60இல் போனது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மார்க்கெட்டுக்கு முதல் வண்டியாகப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம்.

அளவு மீறி வெளியே நீட்டும் லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம் என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்கிறது. அதைக் கூலிக்கு ஓட்டும் பையன் தலையில் கட்டச் சொல்லி நான் எழுதவில்லை. ஒரு பலகையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டி, கரும்பின் கடைசி நுனியில் தொங்கவிட்டால் போதும். வண்டி நின்றாலும், பேட்டரி இறங்கினாலும் நம் வெளிச்சத்தில் அது மின்னும். ஆலையின் எடை மேடையில் வைத்துச் சோதிப்பதில் பயனில்லை, அதற்குள் வண்டி ரோட்டைக் கடந்து வந்திருக்கும். கரும்பை வெட்டச் சொல்லி கட்டிங் ஆர்டர் கொடுக்கும்போதே, பலகை இல்லாத டிரெய்லருக்கு லோடு இல்லை என்று ஆலைகள் சொல்லிவிட வேண்டும். மாவட்ட ஆட்சியரும் வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் அரவைக்கு முன்பே ஆலைக்காரர்களையும் டிராக்டர் வைத்திருப்பவர்களையும் கூப்பிட்டு இதைப் பேசிவிட்டால் நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பஞ்சரானால் வண்டியை ரோட்டிலேயே நிறுத்தி, பின்னால் நாலு கருங்கல்லும் ஒரு வேப்பங்கொத்தும் வைக்கிறார்கள். டயர் மாற்றியதும் டிராக்டர் போய்விடும், கல் அங்கேயே கிடக்கும். போன சீசனில் மட்டும் மூன்று தடவை நானே இறங்கி உருட்டி ஓரம் தள்ளினேன். மூன்றாவது தடவை, எனக்கு முன்னால் வந்த பால்காரர் ஏற்கனவே விழுந்திருந்தார்.

இப்படிக்கு,
மீன் வண்டி ஓட்டுநர்,
கடலூர் முதுநகர்