வடசென்னைக் கடற்கரைக்கு முதலில் வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையை ஒட்டி மாநகரக் கடற்கரைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். மெரினா, பெசன்ட் நகர், நீலாங்கரை, கோவளம் என்று அந்தப் பட்டியல் தெற்கு நோக்கியே நீள்கிறது. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை உள்ள கரையும் இதே மாநகராட்சிக்கு உட்பட்டதுதான். திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் 2011-இல் சென்னையோடு இணைக்கப்பட்டபோது அவற்றின் கடற்கரையும் சேர்ந்தே வந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் பட்டணத்து வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கவும் கழிமுகத்தில் படகு விடவும் தேடிப் போன ஓய்விடம் எண்ணூர் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கலாம். இப்போது விடுமுறை நாளில் இந்தக் கரைக்கு வரும் ஒரு குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவில்லை என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

முதலில் மணலின் நிலை. நம் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதியில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்கிறது. மீனவர்கள் தெண்டி என்று சொல்லும் அந்த ஓட்டம் சுமந்து வரும் மணலை, 1870-களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் மறித்துக்கொண்டதால், தெற்கே மெரினா அகன்றுகொண்டே போக, வடக்கே இராயபுரம் முதல் எர்ணாவூர் வரை கடல் கரையை அரித்துத் தெருக்களையும் வீடுகளையும் எடுத்துக்கொண்டது. வாடைக் காலத்தில் ஓட்டம் திரும்பும் சில மாதங்களில் வந்து சேரும் மணல் அந்த இழப்பை ஈடுகட்டப் போதவில்லை. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் மெரினாவில் உலாச்சாலை அமைத்துப் பெயர் பெற்றார். அங்கே குவிந்திருக்கும் மணலில் எங்கள் பங்கும் இருக்கிறது என்று இங்குள்ள பெரியவர்கள் பாதி வேடிக்கையாகவும் பாதி வருத்தமாகவும் சொல்வதுண்டு. துறைமுகத்தில் பணிபுரிந்து அதன் ஓய்வூதியத்தில் வாழ்கிறவன் இதை எழுதுவதில் சற்றுச் சங்கடம் இருக்கிறது. ஆயினும் நடந்தது இதுதான்.

அரிப்பைத் தடுக்கப் பெரும் பாறைகளைக் கொட்டி எழுப்பிய தடுப்புச் சுவரும், பின்னர் அங்கங்கே கரையிலிருந்து கடலுக்குள் நீட்டப்பட்ட தூண்டில் வளைவுகள் என்னும் கற்சுவர்களும் சேர்ந்து இன்று இந்தக் கரையின் உருவத்தையே மாற்றிவிட்டன. தூண்டில் வளைவுகளுக்கு இடையே, சிறிதும் பெரிதுமாக மணல் திட்டுகள் மீண்டும் சேர்ந்திருக்கின்றன. வாடைக் காலத்தில் இவை குறுகிப் போய், பங்குனிக்குப் பிறகு கடல் தணியும்போது மறுபடியும் விரிகின்றன. இப்போதைய நிலையில், பாறைச் சுவரைத் தாண்டி இறங்கினால் குழந்தைகள் விளையாடும் அளவுக்கு மணல் இருக்கும் இடங்கள் திருவொற்றியூரிலும் உண்டு, எண்ணூர்ப் பக்கத்துத் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் ஆகிய ஊர்களிலும் உண்டு. ஆக, கடற்கரையே இல்லாத பகுதிக்கு வசதி எதற்கு என்ற பழைய பதில் இனிப் பொருந்தாது.

ஆனால் இந்தச் சிறு கரைகள் மெரினாவைப் போன்றவை என்று எண்ணி யாரும் நீரில் இறங்கிவிடக் கூடாது. தூண்டில் வளைவின் ஓரமாக நீர் கரையிலிருந்து கடலை நோக்கித் திரும்பும். மேலே அலை அடங்கித் தோன்றும் அந்த இடத்தில்தான் கீழே இழுப்பு அதிகம். அமைதியாக இருக்கிறதே என்று வெளியூர்ப் பிள்ளைகள் அங்கேயே இறங்குகிறார்கள். இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும் என்பது குப்பத்துச் சிறுவர்களுக்குத் தெரியும், வருகிறவர்களுக்குத் தெரியாது. பாறைகளின் மேல் பாசி படிந்திருப்பதாலும், இடையே ஆள் விழும் அளவுக்கு இடைவெளி இருப்பதாலும், அலை தெறிக்கும் வேளையில் கைப்பேசியில் படம் எடுக்க ஏறுகிறவர்கள் வழுக்கி விழுவதும் வழக்கமாகிவிட்டது. நெட்டுக்குப்பத்தில் சிதைந்து நிற்கும் பழைய பாலத்தைப் படம் பிடிக்க விடியற்காலையில் கூட்டம் கூட்டமாக இளைஞர்கள் வருகிறார்கள். நான் சென்ற இடங்களில், எழுத்து அழிந்த பலகை ஒன்றைத் தவிர எச்சரிக்கை என்று எதையும் காணவில்லை. மிதவை வளையமோ கயிறோ எங்கும் இல்லை. விபத்து நடந்தால் படகை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் மீனவர்கள்தாம்.

அடுத்தது கழிப்பறை. இதைச் செய்தித்தாளில் எழுதக் கூச்சப்படுகிறோம் என்பதாலேயே இது தீராமல் கிடக்கிறது என்று நினைக்கிறேன். மாலை நான்கு மணிக்குப் பிள்ளைகளோடு வரும் குடும்பங்களில் பல, வெயில் தாழ்ந்து காற்று இதமாகும் நேரத்தில் கிளம்பிவிடுகின்றன. கிளம்பலாம் என்று சொல்கிறவர்கள் பெண்கள், காரணத்தை அவர்கள் வெளியே சொல்வதில்லை. வயதானவர்களும் சர்க்கரை நோயாளிகளும் கடற்கரைப் பேச்சையே எடுப்பதில்லை. அவசரமென்றால் குப்பத்து வீடு ஒன்றின் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது, அவர்களும் முகம் சுளிக்காமல் திறந்துவிடுகிறார்கள். அவர்கள் வீட்டிலேயே தண்ணீருக்குத் தட்டுப்பாடு இருக்கும்போது இது நியாயமா? ஆண்கள் பாறை மறைவை நாடுகிறார்கள், அதன் விளைவை மறுநாள் காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் அறிவார்கள். குளித்துவிட்டு உடை மாற்ற மறைவிடம் இல்லை, குடிநீர்க் குழாய் இல்லை. விளக்கு இருக்கும் இடங்களிலும் அது சாலையைப் பார்த்து எரிகிறது, மணலைப் பார்த்து எரிவதில்லை.

மாற்றுத்திறனாளிகள் அலையருகே செல்வதற்காக மெரினாவில் 2022 நவம்பரில் மரப்பாதை திறக்கப்பட்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தபோதும் சரிசெய்யப்பட்டது. இங்கோ நல்ல காலுள்ளவர்களே பாறைகளின் மேல் கைகளை ஊன்றி இறங்க வேண்டியிருக்கிறது. மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்குச் சாமியைத் தூக்கி வருகிறவர்கள் படும் பாட்டை நேரில் பார்த்தால்தான் தெரியும்.

கரைக்கு வந்து சேர்வதும் எளிதாக இல்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டது, பிறகு திருவொற்றியூர் தேரடி நிலையமும் திறக்கப்பட்டது. தேரடியில் இறங்கினால் கடல் நடக்கும் தொலைவுதான். ஆனால் இடையே எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. நிற்காத நேரத்தில் விரைகின்றன. கைக்குழந்தையோடு அதைக் கடந்து வருவதைவிட, அதே மெட்ரோவில் அரசினர் தோட்டம் வரை போய் மெரினாவுக்கு நடப்பது மேல் என்று எங்கள் தெருவாசிகளே முடிவு செய்கிறார்கள். வீட்டு மாடியிலிருந்து கடலைப் பார்க்கிற மக்கள் கடலைத் தேடிப் பயணச்சீட்டு வாங்குகிறார்கள். காணும் பொங்கலன்று மெரினாவில் நெரிசல் என்று ஆண்டுதோறும் கவலைப்படும் அதிகாரிகள், அந்த நெரிசலில் வடசென்னையின் பங்கு எவ்வளவு, ஏன் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நீரின் தூய்மை குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 ஜனவரியில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி, கசிந்த எண்ணெயை மக்கள் வாளிகளால் அள்ளியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் எண்ணெய் பரவியதும் எவருக்கும் மறந்திருக்காது. அதன் பின்னர் இங்கே குளிக்கலாமா என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடல்நீரைப் பயன்பாட்டுக்கு ஏற்ப ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. அவற்றில் குளிப்பதற்குரிய இரண்டாம் வகைக்கு 100 மில்லி நீரில் மலக்கிருமிகளின் எண்ணிக்கை 100 என்ற அளவு வரையறுக்கப்பட்டுள்ளது. ஆய்வு முடிவை மாதம் ஒருமுறை கரையிலேயே ஒரு பலகையில், தமிழில், எழுதி வைத்தால் போதும். குளிப்பதா, காலை மட்டும் நனைப்பதா என்பதை மக்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.

வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் 4,000 கோடி ரூபாய்க்கும் மேலான மதிப்பீட்டில் தொடங்கப்பட்டதும், கடற்கரை மேம்பாடு பற்றிய அறிவிப்புகளும் நம்பிக்கை தருகின்றன என்பதை மறுக்கவில்லை. என் அச்சம் வேறு. அழகுபடுத்தல் என்றால் செயற்கைப் புல்லும் பெயர் எழுதிய ஒளிர்பலகையும் முதலில் வந்துவிடுகின்றன, கழிப்பறையும் உயிர்காப்பும் கடைசியில் நிதி தீர்ந்தபின் நினைவுக்கு வருகின்றன. மேலும், இந்த மணல் திட்டுகள் காலியிடங்கள் அல்ல. பைபர் படகுகள் ஏற்றப்படுவதும், வலை உலர்த்தப்படுவதும், கருவாடு காய்வதும் இங்கேதான். நடைபாதை போடுகிறோம் என்று படகை அப்புறப்படுத்தினால், விபத்து நேரத்தில் ஓடி வர ஆள் இருக்காது. 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே கழிப்பறை, உடை மாற்றும் அறை போன்ற தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கு கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் விட்டு இடம் தருகிறது. வாடைக் காலத்தில் மணல் குறுகும் இந்தக் கரைக்குப் பெயர்த்து எடுக்கத்தக்க அமைப்புகளே பொருத்தமானவை.

இதில் உடனே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் காசிமேட்டில் ஓய்ந்து நிற்கும் அந்த நாள்களும் பள்ளி விடுமுறையும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. வேலையின்றி இருக்கும் மீனவ இளைஞர்களுக்கு முதலுதவிப் பயிற்சியும் சீருடையும் நாள்கூலியும் அளித்து, அந்தந்தக் குப்பத்துக் கரையில் உயிர்காப்பாளர்களாக அமர்த்தலாம். எந்த வளைவின் ஓரத்தில் எந்த மாதம் இழுப்பு என்பதை அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கரையில் மீன் வறுத்து விற்கும் பெண்களுக்குத் தண்ணீர் வசதியுடன் முறையான இடம் ஒதுக்கிக் கொடுத்தால், வருகிறவர்களுக்குத் தூய்மையான உணவும் அந்த வீடுகளுக்கு அடுப்பெரியும் வழியும் கிடைக்கும்.

இந்த விடுமுறை முடிவதற்குள், தேரடிக்கு நேராக உள்ள கரையிலும் தாழங்குப்பத்திலும் தண்ணீரோடு கூடிய நடமாடும் கழிப்பறைகளை நிறுத்துவது, தூண்டில் வளைவுகளின் அடியில் படம் போட்ட எச்சரிக்கைப் பலகையும் மிதவை வளையமும் வைப்பது, மாலை நான்கு முதல் எட்டு மணி வரை விரைவு சாலையைக் கடக்கப் போக்குவரத்துக் காவலர் ஒருவரை அமர்த்துவது ஆகிய மூன்றுக்கும் பெரிய திட்ட அறிக்கை எதுவும் தேவையில்லை. பாறைச் சுவரில் கைப்பிடியுள்ள படிகளும் சாய்தளமும் அமைக்கும் பணியை அடுத்த வாடைக் காலம் கழிந்ததும் தொடங்கலாம். எந்த இடத்தில் என்பதைக் குப்பத்துப் பஞ்சாயத்தாரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
துறைமுக ஓய்வூதியர் ஒருவர்,
திருவொற்றியூர், சென்னை – 600 019.