காருக்கு இத்தனை டொலர் என்றால், எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

விமான சாகசக் காட்சிகளுக்கான நுழைவுச்சீட்டுகள் விற்பனைக்கு வந்தால் போதும், நம்மவர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றும்: "ஒரு காருக்கு நூற்றைம்பது டொலரோ? பகற்கொள்ளையெல்லோ!" காரோடு உள்ளே போய், காரடியில் நின்று பார்க்கும் காட்சிகளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. காருக்குள் எத்தனை பேர், எந்த வரிசை, அன்றைக்கு எவை பறக்கின்றன என்று பாராமல் விலையை மட்டும் வைத்துத் திட்டுவதும் பிழை, கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் பிழை.

இந்த முறை பிறந்தது 2020 நோய்த்தொற்றுக் காலத்தில். சனத்தைத் திடலில் நெருக்கமாக நிறுத்த முடியாத நிலையில் ஒன்ராறியோவின் லண்டன் நகரில் வாகனங்களை இடைவெளி விட்டு நிறுத்திக் காட்சியை நடத்தினார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவின் அபொட்ஸ்போர்ட்டும் அதே வழியில் போனது. தொற்று ஓய்ந்த பிறகும் இந்த முறை முற்றாக மறைந்துவிடவில்லை. ஏற்பாட்டாளருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நடந்து வரும் சனத்தைவிடக் காரோடு வரும் சனத்துக்கு நிலம் பல மடங்கு வேண்டும். ஆனால் காப்புறுதி, தீயணைப்பு, அம்புலன்ஸ், தற்காலிகக் கழிப்பறை, விமானிகளின் தங்குமிடம், எரிபொருள் என்று செலவு அப்படியே இருக்கிறது. அந்தச் செலவைக் குறைந்த தலைகளில் பிரிக்கும்போது சீட்டு விலை ஏறத்தான் செய்யும். இதை ஒப்புக்கொண்டுதான் மிச்சத்தைப் பேச வேண்டும்.

கணக்குக்கு 150 டொலர் என்றே வைப்போம். ஒன்ராறியோவின் 13 வீத விற்பனை வரியோடு 169.50. வழக்கமான நிபந்தனை, வாகனத்தில் எத்தனை ஆசனப்பட்டி உண்டோ அத்தனை பேர். அப்பா, அம்மா, அம்மம்மா, தாத்தா, மூன்று பிள்ளைகள் என்று மினிவானில் ஏழு பேர் போனால் தலைக்கு 24 டொலர் சொச்சம். திரையரங்குக்குப் போய்ச் சோளப்பொரியும் வாங்கினால் அதைவிடக் கூடவே முடியும். அதே காரில் புதுமணத் தம்பதி இருவர் போனால் தலைக்கு 85 டொலர். ஸ்காபறோவில் இருந்து 401 நெடுஞ்சாலையில் லண்டன் போய்வர 400 கிலோமீற்றருக்குக் கூட. மினிவானுக்கு 45 லீற்றர் பெற்றோல் அளவில் பிடிக்கும். அதுவும் ஏழாகப் பிரிந்தால் ஒரு கதை, இரண்டாகப் பிரிந்தால் வேறு கதை. ஆகவே தனியாள், இருவர், மோட்டார்சைக்கிளில் வருபவர் ஆகியோருக்கு இந்த விலைமுறை நியாயமில்லை. குடும்பங்களுக்கு இது மலிவு.

இனி வரிசைக்கு வருவோம். அதிகக் காசு வீணாவது இங்கேதான். "முன்வரிசை" என்று சொல்லி இன்னும் ஐம்பது, நூறு டொலர் கூட்டுவார்கள். ஜெட் போர் விமானத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று நம்பி வாங்குவோம். வட அமெரிக்க விதிகளின்படி வேகமான ஜெட் விமானங்கள் பறக்கும் கோடு, பார்வையாளர் கோட்டில் இருந்து 1500 அடி, அதாவது 457 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். கார் நிற்கும் இடமும் கார் போகும் வழியுமாக ஒரு வரிசைக்கு 11 மீற்றர் என்று வைத்தால், பத்தாவது வரிசை முன்வரிசைக்கு 100 மீற்றர் பின்னால். கனடிய விமானப்படையின் CF-18 போர் விமானத்தின் நீளம் 17 மீற்றர். முன்வரிசைக்கு அது முழுநிலவின் அகலத்தைப்போல் நான்கு மடங்கு நீளமாகத் தெரியும். பத்தாவது வரிசைக்கு மூன்றரை மடங்கு. அந்த அரை நிலவுக்கு நூறு டொலர் கொடுக்கலாமா என்பது அவரவர் விருப்பம்.

மூக்கில் விசிறி (புரொப்பெல்லர்) சுழலும் சிறிய சாகச விமானங்களின் கோடு வேறு. அவை 500 அடி, 152 மீற்றர் வரை கிட்ட வரலாம். பத்தாவது வரிசைக்காரருக்கு அதுவே 252 மீற்றர் ஆகிவிடுகிறது. அங்கே வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆகவே முன்வரிசைக் காசு உண்மையில் ஜெட்டுக்கு அல்ல, சின்ன விமானங்களுக்கும், தரையில் ஓடிப்போய் மேலெழும் காட்சிக்கும்தான். ஓடுபாதையில் இருக்கும் விமானம் கண்ணுக்கு நேரே, அடிவானத்தில் இருப்பதால் இரண்டாவது வரிசையில் இருந்து பார்த்தாலே முன்னால் நிற்கும் கார்க் கூரைதான் தெரியும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பறக்கும் விமானங்கள் அதே ஓடுபாதையில் இருந்துதான் கிளம்புகின்றனவா, இல்லை வேறு விமான நிலையத்தில் இருந்து வந்து போகின்றனவா? வேறிடம் என்றால் முன்வரிசையில் பாதிப் பெறுமதி போய்விட்டது. சீட்டு விற்கும் பக்கத்தில் இதை எழுதுபவர்கள் மிகக் குறைவு.

காருக்குள் இருந்தபடியே பார்க்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வளையம் போடும் விமானம் ஆயிரம் மீற்றருக்கு ஏறும்போது 65 பாகை அண்ணாந்து பார்க்க வேண்டும். காரின் கூரை அதற்கு எத்தனையோ முன்பே மறைத்துவிடும். காட்சியைப் பார்ப்பது காருக்கு வெளியே, பக்கத்தில் விடப்படும் வெற்றிடத்தில். நீங்கள் விலை கொடுப்பது அந்த நிலத்துண்டுக்கு. எனவே அதன் நீள அகலத்தைக் கேளுங்கள். மடிப்புக் கதிரையில் இருப்பவரின் கண் தரையில் இருந்து சுமார் 1.15 மீற்றர். ஐந்து மீற்றர் முன்னால் 1.8 மீற்றர் உயர எஸ்.யு.வி. நின்றால் அடிவானத்தில் இருந்து ஏழு பாகை வரை மறைந்துவிடும். நூறடி உயரத்தில் தாழப் பறந்து போகும் ஜெட் நாலு பாகையில்தான் போகிறது. கதிரையில் இருந்த அம்மம்மாவுக்குச் சத்தம் மட்டும் கிடைக்கும். எழுந்து நின்ற பேரனுக்கு விமானமும் கிடைக்கும். முன்னால் நிற்பவர் பின்கதவைத் தூக்கி வைத்தால் நின்றவருக்கும் இல்லை. உயரமான வாகனங்களைப் பின்வரிசைக்கு அனுப்புவதும், பின்கதவைத் திறந்து வைக்க விடாததும் ஏற்பாட்டாளர் செய்ய வேண்டிய வேலை. அதே நேரத்தில் மினிவானில் வருபவரிடம் முன்வரிசை விலையை வாங்கிவிட்டு, வாசலில் வைத்துப் பின்னுக்கு அனுப்புவது அநியாயம். வாகன உயரத்தைச் சீட்டு எடுக்கும்போதே கேட்டால் இந்தச் சண்டை வராது.

திசையும் முக்கியம். காட்சி நடப்பது பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகு. பார்வையாளர் கோடு தென்மேற்கை நோக்கி இருந்தால் நாலு மணி அளவில் வெயில் முகத்தில் அடிக்கும், எடுக்கும் படமெல்லாம் கறுப்பு நிழலாக வரும். விமான நிலைய வரைபடத்தை இணையத்தில் திறந்து பார்த்தால் இரண்டு நிமிட வேலை.

அறிவிப்பாளரின் குரல் கார் வானொலியில் எஃப்.எம். அலைவரிசை ஒன்றில் வரும். எஞ்சினை நிறுத்திவிட்டு மூன்று மணித்தியாலம் வானொலியைப் போட்டால், ஐந்து வயதான பற்றரி மாலையில் கைவிடும். பகல் விளக்கு, மின்விசிறி, திரை என்று எல்லாம் சேர்ந்து இழுப்பதுதான் காரணம். பற்றரியில் ஓடும் சிறிய எஃப்.எம். வானொலி ஒன்றைக் கொண்டுபோனால் கதை முடிந்தது. கைத்தொலைபேசியில் இணைய ஒலிபரப்பைக் கேட்பது சரிவராது. அதில் ஒலி தாமதித்து வரும்; விமானம் போய் மறைந்த பிறகுதான் அறிவிப்பாளர் "இதோ வருகிறது" என்பார்.

காலநிலை அடுத்தது. சீட்டில் "மழையானாலும் வெயிலானாலும் நடக்கும், பணம் திருப்பித் தரப்படாது" என்று சிறிய எழுத்தில் இருக்கும். மேகம் தாழ்ந்தால் காட்சி நிற்பதைவிட வேறு காட்சியாக மாறுவதுதான் அதிகம். பெரிய அணிகள் உயரம், தாழ்வு, தட்டை என்று மூன்று வகை நிகழ்ச்சிகளை வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் புளூ ஏஞ்சல்ஸ் அணி தன் முழுக் காட்சியைக் காட்ட மேகம் 8000 அடிக்கு மேல் இருக்க வேண்டும். தாழ்ந்த மேகத்தில் வளையங்கள் போய், பக்கவாட்டில் கடந்து போவது மட்டும் மிஞ்சும். விலை என்னவோ அதேதான். அணியே வராமலும் போகலாம். 2022 ஆகஸ்ட் 2 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் போர்ட் சென்ற் ஜோனில், கனடிய விமானப்படையின் சாகச அணியான ஸ்னோபேர்ட்ஸின் விமானம் ஒன்று மேலெழும்போது எஞ்சின் செயலிழந்து விபத்துக்குள்ளானது. எண்ணெய் வடிகட்டி பிழையாகப் பொருத்தப்பட்டிருந்தது காரணம். விமானிக்கு ஒன்றுமில்லை. ஆனால் அணியின் விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன, காட்சிகள் ரத்தாகின. ஒன்பது விமானங்களும் ஏறக்குறைய 35 நிமிடமும் கொண்ட அந்த அணி இல்லையென்றால் ஒரு பிற்பகலின் பெரிய துண்டு போகிறது. எனவே ஒரே ஓர் அணிக்காகச் சீட்டு எடுக்க வேண்டாம். இரண்டு நாள் காட்சி என்றால், சனிக்கிழமைச் சீட்டை ஞாயிறுக்கு மாற்றித் தருவார்களா என்று கேட்டு, ஆம் என்றால் சனியை எடுங்கள். ஞாயிறு குழம்பினால் மாற்றுவதற்கு நாளில்லை.

விலையைக் காட்டும் விதத்தையும் சொல்ல வேண்டும். முதற் பக்கத்தில் ஒரு தொகை, காசு கட்டும் பக்கத்தில் "சேவைக் கட்டணம்" கூடி இன்னொரு தொகை என்றால், அது கனடாவில் சட்டப்படி சரியல்ல. கட்டாயக் கட்டணத்தைப் பின்னால் சேர்ப்பது ஏமாற்று விலை என்று 2022 ஜூனில் போட்டிச் சட்டத்தில் வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். அரசு வரி மட்டும் விலக்கு. இணையப் பதிவுக்கு 1.50 டொலர் இப்படிச் சேர்த்ததற்காக சினிப்ளெக்ஸ் நிறுவனத்துக்கு 2024 செப்டெம்பரில் 38.9 மில்லியன் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஒன்றரை டொலருக்கே அந்த நிலை. அப்படிக் கண்டால் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு போட்டிப் பணியகத்துக்கு முறையிடலாம்.

இலவசமாகப் பார்க்க வழியில்லையா என்றால், உண்டு. தொழிலாளர் தின வார இறுதியில் ரொறன்ரோவில் நடக்கும் காட்சி ஒன்ராறியோ ஏரிக்கு மேல் என்பதால், மரிலின் பெல் பூங்கா போன்ற கரையோரங்களில் நின்று சனம் காசில்லாமல் பார்க்கிறது. மேலெழுவதும் இறங்குவதும் தெரியாது, அறிவிப்பும் கேட்காது, வாகனத் தரிப்பிடத்துக்கு அலைய வேண்டும். இளம் கால்களுக்கு அது போதும். முழங்கால் வலியோடு ஒருவரும், நேரத்துக்கு இன்சுலின் போடும் ஒருவரும், இரண்டு மணிக்குத் தூங்கும் குழந்தையும் உள்ள குடும்பத்துக்குக் காரடிக் காட்சி கொடுக்கும் காசுக்குப் பெறுமதியானது. சொந்தக் கதிரை, சொந்தக் கட்டுச்சோறு, நடந்துபோகும் தூரத்தில் கழிப்பறை. இலவசக் கூட்டம் கட்டுமீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஒக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த இந்திய விமானப்படைச் சாகசக் காட்சி சாட்சி: வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து உயிர்கள் போயின. வாகன எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதும் சீட்டு விலைக்குள் அடங்கிய ஒரு பொருள்தான்.

ஆனால் கார்களைச் சேர்த்து நிறுத்துவதற்கும் ஓர் ஆபத்து உண்டு. 2019 பெப்ரவரி 23 அன்று பெங்களூர் ஏரோ இந்தியா கண்காட்சியின் தரிப்பிடத்தில் காய்ந்த புல்லில் பரவிய தீ முந்நூறு அளவில் கார்களைத் தின்றது. ஓடிவந்த காரின் அடியில் இருக்கும் புகை வடிகட்டி பல நூறு பாகை சூட்டில் இருக்கும். உயர்ந்த காய்ந்த புல்லுக்கு அதுவே போதும். தரிப்பிடம் புல்லா, தாரா? புல் என்றால் வெட்டி ஈரமாக்கியிருக்கிறார்களா? தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய இடைப்பாதை விட்டிருக்கிறார்களா? இவற்றைக் கேட்பது உரிமை. குளிரூட்டிக்காக எஞ்சினை ஓடவிட வேண்டாம். கூடாரமும் பெரிய குடையும் அனுமதிக்கப்படாவிட்டால் கோபிக்க வேண்டாம். காற்றில் பறந்து ஓடுபாதைக்குப் போனால் எஞ்சினுக்குள் இழுபடும். அகன்ற தொப்பி, கார்க் கண்ணாடிக்கு மறைப்பு, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் போதும்.

கடைசியாக வெளியேற்றம். இரண்டாயிரம் கார் ஒரே நேரத்தில் கிளம்பும். ஒரு வழித்தடத்தில் மணிக்கு 600 கார் என்று இரண்டு வழித்தடம் திறந்தால்கூட, கடைசிக் கார் வெளியேற ஒரு மணி நாற்பது நிமிடம். முன்வரிசைக்காரர்தான் பெரும்பாலும் கடைசி. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இடியப்பத்தை மிச்சம் பிடித்து வையுங்கள்.

ஏற்பாட்டாளர்களிடம் கேட்பது இவ்வளவே: இருவர் வரும் காருக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் தனி விலை வையுங்கள். வரிசை வரைபடத்தையும் நிலத்துண்டின் அளவையும், எவை இங்கிருந்தே மேலெழும் என்பதையும் சீட்டுப் பக்கத்தில் போடுங்கள். தலைமை அணி வராவிட்டால் விலையில் எத்தனை வீதம் திரும்பும் என்பதை முன்கூட்டியே எழுதுங்கள். இவை இல்லாத சீட்டை, வருடத்தின் முதல் மலிவு விற்பனையில் அவசரப்பட்டு வாங்குவதை விட, பறக்கும் பட்டியல் வெளிவரும்வரை பொறுத்திருந்து பத்து டொலர் கூடக் கொடுத்து வாங்குவது லாபம்.

இங்ஙனம்,
வான்காட்சி ஆர்வலர் ஒருவர்,
ஸ்காபறோ.