ஃபுட்பால் பறக்கட்டும், மத்த புள்ளைங்கள பக்கத்துல ஆட விடுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன் (இங்க ஃபுட்பால்னா நம்ம ஊர் கால்பந்து இல்ல, பந்தை கைல தூக்கிட்டு ஓடற அமெரிக்க விளையாட்டு). கான்ஃபரன்ஸுங்க புது ஏரியாவுக்கு விரியறது காலத்தோட கட்டாயம், டிவி பணம் அப்படித்தான் இழுக்கும்னு எழுதியிருந்தாங்க. பணத்தைப் பத்தி சொன்னதுல தப்பு இல்ல. ஆனா அவ்ளோ பெரிய கட்டுரைல ஃபுட்பால் தவிர வேற ஒரு விளையாட்டோட பேர்கூட வரல சார், அதான் மனசு கேக்காம எழுத உக்காந்துட்டேன். நான் கலிஃபோர்னியால 22 வருஷமா இருக்கேன். என் பொண்ணு இங்க மேற்குப் பக்கம் ஒரு யுனிவர்சிட்டில வாலிபால் ஆடறா.

கான்ஃபரன்ஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக ஒரு வரி, பக்கத்து பக்கத்துல இருக்கிற காலேஜுங்க சேந்து வச்சுக்கிட்ட லீக், அவ்ளோதான். இந்த மேற்குக் கரை காலேஜுங்களுக்கு பேக்-12னு ஒண்ணு இருந்துச்சு, வேர் 1915 வரைக்கும் போற பழைய லீக். 2022 ஜூன் மாசம் கடைசில லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கிற யூஎஸ்சி, யூசிஎல்ஏன்னு ரெண்டு யுனிவர்சிட்டியும் நாங்க பிக் டென்னுக்கு போறோம்னு கிளம்பிட்டாங்க. பிக் டென் 1896ல சிகாகோ பக்கம் ஆரம்பிச்ச லீக், பேர்லதான் பத்து, இப்ப 18 டீம். அந்த வருஷமே ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூணு சேனலோட ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல ஒப்பந்தம் போட்டாங்க. அந்த லாஸ் ஏஞ்சலஸ் டீம் ரெண்டும் போனதும் பேக்-12க்கு டிவில மதிப்பு கொறஞ்சு போச்சு, கடைசில ஆப்பிள்ல ஸ்ட்ரீமிங்னு ஒரு ஆஃபர்தான் கைல இருந்துச்சு, அத நம்பி யாரும் இருக்கல. 2023 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒரே நாள்ல அஞ்சு டீம் போயிருச்சு. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் வேற வழியில்லாம அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்ல சேந்தாங்க, பசிஃபிக் கடல் பக்கம் இருக்கிற காலேஜ் அட்லான்டிக் லீக்ல, அதுவும் முதல் ஏழு வருஷம் டிவி பங்குல 30 சதவீதம் போதும்னு ஒத்துக்கிட்டு. மிச்சம் நின்னது ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் ரெண்டே ரெண்டு டீம். யூசிஎல்ஏ போனதால பெர்க்லிக்கு நஷ்டம்னு சொல்லி வருஷத்துக்கு 1 கோடி டாலர் யூசிஎல்ஏ குடுக்கணும்னு கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி போர்டே முடிவு பண்ணுச்சு, ரெண்டும் ஒரே அரசாங்க யுனிவர்சிட்டியோட கேம்பஸ்தான், ஒரே வீட்டுக்குள்ள பங்காளி பஞ்சாயத்து மாதிரி ஆயிடுச்சு.

ஃபுட்பால் டீம் தூரம் போறதுல எனக்கு பெரிய குறை இல்ல சார், இத வெளிப்படையா சொல்லிடறேன். அவங்களுக்கு வாரத்துக்கு ஒரே மேட்ச், பெரும்பாலும் சனிக்கிழமை, சீசனுக்கே 12 மேட்ச், அதுல பாதிகிட்ட சொந்த ஊர்லயே. சார்ட்டர் ஃப்ளைட்ல போய்ட்டு ராத்திரியே வந்துடுவாங்க. விரிவாக்கத்தால நல்லதும் நடந்துருக்கு. டல்லாஸ்ல இருக்கிற எஸ்எம்யூங்கற யுனிவர்சிட்டி ஒன்பது வருஷம் டிவி பணமே வேண்டாம்னு சொல்லி அட்லான்டிக் லீக்குக்குள்ள வந்தாங்க, முதல் வருஷமே ஃபைனல் வரைக்கும் போய், தேசிய சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற பிளேஆஃப்லயும் ஆடிட்டாங்க. 2024 அக்டோபர் 5 ராத்திரி பெர்க்லி ஸ்டேடியத்துல நானும் இருந்தேன், ஃப்ளோரிடால இருந்து மயாமி டீம் வந்திருந்துச்சு, 35-10னு நாங்க முன்னாடி இருந்து கடைசில 39-38னு தோத்தோம், தொண்டை கட்டிப்போய் ரெண்டு நாள் பேச்சே வரல. அந்த மாதிரி ஒரு ராத்திரி பழைய லீக்ல கிடைச்சிருக்காது, ஒத்துக்கறேன்.

ஆனா ஃபுட்பாலுக்காக போட்ட கையெழுத்துல மத்த எல்லா விளையாட்டும் சேந்து போகுதே, அங்கதான் எனக்கு வயிறு எரியுது. வாலிபாலுக்கு வாரத்துக்கு ரெண்டு மேட்ச், ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும், முழு செமஸ்டரும் அதுலயே போகும். முன்னாடி பஸ்ல போனா மூணு மணி நேரம், இல்லாட்டி சின்ன ஃப்ளைட். இப்ப கிழக்குக் கரைக்கு 4,000 கிலோமீட்டர் சார், கன்னியாகுமரில இருந்து காஷ்மீர் போனாகூட அவ்ளோ தூரம் வராது. திரும்பி வர்றப்ப எதிர்க்காத்து வேற, ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும், மூணு மணி நேர டைம் வித்தியாசம் தனி. போன சீசன்ல என் பொண்ணு ஒரு ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிச்சு கனெக்டிங் ஃப்ளைட் மிஸ் ஆகி வழில ஒரு ஏர்போர்ட்ல பைய தலைக்கு வச்சு படுத்திருந்துட்டு திங்கக்கிழமை காலைல வந்து இறங்கினா, அன்னிக்கு பதினோரு மணிக்கு கெமிஸ்ட்ரி மிட்டெர்ம். ப்ரொஃபசர் தேதி மாத்தித் தரல, அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்றது, ஒரு கிளாஸ்ல எத்தனை டீம் புள்ளைங்களுக்கு அவரும் மாத்துவாரு. ஃபோன்ல "பரவால்லப்பா"ன்னு சொன்னா, குரல்லயே தெரிஞ்சுது.

இவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ப்ரொஃபஷனல் ஆகப் போறதில்ல, டிகிரி வாங்கி வேலைக்குப் போகப் போறவங்க. டிவி பணத்துல பெரும் பகுதி இவங்க மேட்ச்சால வர்றதும் இல்ல, ஆனா தூரம் மட்டும் இவங்க தலைல விடியுது. வீட்டுக்காரங்களும் போய் பாக்க முடியல. முன்னாடி வெளியூர் மேட்ச்னா நாலு குடும்பம் கார்ல புளிசாதம் கட்டிக்கிட்டு கிளம்பிடுவோம், இப்ப லேப்டாப்ல பாத்து கைதட்டறோம்.

நான் தொண்ணூறுகள்ல தமிழ்நாட்டுல காலேஜ் படிச்சப்ப வாலிபால் ஆடினவன், சவுத் ஜோன் இன்டர் யுனிவர்சிட்டிக்கு ஒருதடவ போயிருக்கேன். அங்க முறை என்னன்னா முதல்ல தெற்கு, வடக்கு, கிழக்கு, மேற்குன்னு ஜோன் ஜோனா ஆடணும், ஜோன்ல மேல வர்ற டீம் மட்டும்தான் ஆல் இந்தியாவுக்கு. டிரெயின்ல உக்காந்தே போனோம், வசதின்னு ஒண்ணும் கிடையாது, ஆனா பக்கத்து ஊர்க்காரனோட முதல்ல மோதி அப்புறம் தூரம் போறதுங்கற அந்த வரிசை எவ்ளோ சரியானதுன்னு இப்பதான் எனக்குப் புரியுது.

இன்னொண்ணு, பிக் டென் 18 டீம் ஆனப்புறம் ஃபுட்பால்லயே எல்லாரும் எல்லாரோடயும் ஆடறது கிடையாது, 17 எதிராளில ஒன்பது பேரோடதான் மேட்ச். நம்ம பேக்-12 முன்னாடி பேக்-10னு பத்து டீமோட இருந்த காலத்துல 2006ல இருந்து 2010 வரைக்கும் ஒவ்வொரு டீமும் மத்த ஒன்பது பேரோடயும் ஆடும், யாரு ஜெயிச்சாலும் கேள்வி கேக்க முடியாது. அத விட்டுட்டு வந்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ஃபுட்பால தனியா பிரிச்சு நாடு முழுக்க எங்க வேணா கூட்டிட்டுப் போங்க, மத்த விளையாட்டெல்லாம் பழையபடி பக்கத்து காலேஜுங்களோட நடக்கட்டும்னுதான் நான் கேக்கறேன். முடியாதுன்னு யாராவது சொன்னா நோட்ர டேம் யுனிவர்சிட்டிய பாக்கச் சொல்லுங்க, அவங்க ஃபுட்பால்ல எந்த லீக்லயும் இல்ல, 2013ல இருந்து மத்த விளையாட்டு பெரும்பாலும் அட்லான்டிக் லீக்ல, ஐஸ் ஹாக்கி மட்டும் பிக் டென்ல. இந்தப் பக்கமும் வாட்டர் போலோவுக்குன்னு மேற்குல தனி அமைப்பு ஏற்கனவே இருக்கு. திரும்பக் கட்டற பேக்-12ல 2026 ஜூலைல இருந்து சேர்ற கொன்சாகா யுனிவர்சிட்டிக்கு ஃபுட்பால் டீமே கிடையாது. அப்ப வழி இருக்குல்ல சார்?

அந்தக் கட்டுரை எழுதினவர்கிட்ட சொல்லி ஏதாவது ஒரு மேற்குக் கரை காலேஜோட வாலிபால், சாஃப்ட்பால், சாக்கர் டிராவல் ஷெட்யூல ஒருதடவ எடுத்துப் பாத்து அதையும் எழுதச் சொல்லுங்க. என் பொண்ணுக்கு தமிழ் படிக்க வராது, அதனால இந்த லெட்டர நேத்து ஃபோன்ல படிச்சுக் காட்டினேன். முழுசும் கேட்டுட்டு ஒரு திருத்தம் சொன்னா: "ட்ராவல் எனக்குப் பிடிக்கலன்னு எழுதாதீங்கப்பா, டீமோட ஊர் ஊரா போறது எனக்கு ரொம்பப் பிடிக்கும், திங்கக்கிழமை காலைல கிளாஸ்ல உக்கார்ற மாதிரி போய்ட்டு வந்தா போதும்."

இப்படிக்கு,
உங்க வாசகன்,
ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா