மாமன் மடியில் உட்காரும் முன்

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா.

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். தையில் பிள்ளைக்கு ஊர்க் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவது பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசி வைத்த பிறகு எனக்கு இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. "ஊர்த் தண்ணீர் ஆகாது, கோயில் கத்தி ஆகாது என்றால் பிறந்த ஊரே ஆகாமல் போய்விட்டதா?" என்று கேட்டீர்கள். அண்ணியும் அம்மாவும் பக்கத்தில் இருந்தார்கள். அழுகைதான் வந்தது, பதில் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள், ஓரிடத்தைத் தவிர. அந்த இடம் வரும்போது உங்களுக்கே தெரியும்.

இங்கே மழைக்காலம். மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்து கொட்டித் தீர்க்கிறது. செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைக் குலை ஏற்றிய லாரிகள் போன பாதையெல்லாம் செம்மண் குழம்பு. அவருக்கு ஆலையில் இந்த வாரம் இரவு வேலை. அத்தை பால் மரம் சீவிய காலத்தில் இங்கிருந்த லயங்கள், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகள், இப்போது பாதிக்கு மேல் இல்லை. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களில் வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும்தான் அதிகம். ஆனாலும் ஊருக்குள் போனால் தமிழ்தான். மலேசியாவில் மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது என்று அத்தை யாரிடம் பேசினாலும் ஒருமுறை சொல்லிவிடுவார். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தபோது, தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர் அவர். அதைச் சொல்லும்போது அத்தையின் குரலே மாறிவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மருமகனுக்கு இருப்பது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று சொல்லியிருக்கிறேன். "நெஞ்சுச் சளி" என்றுதான் நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு வருடம் எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள். ஆஸ்துமா என்று மருந்து கொடுத்த ஒரு கிளினிக், சத்துக்குறைவு என்று என்னைத் திட்டிய இன்னொரு கிளினிக். இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய் என்ற எண்ணத்தில் நம் பிள்ளையிடம் யாரும் அதைத் தேடவில்லை. அவன் நெற்றியில் முத்தமிட்டால் உதட்டில் உப்புக் கரிக்கும். வெயிலில் விளையாடிவிட்டு வந்தால் காதோரம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். ஒரு நாள் இதை ஒரு டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றார். பிறகுதான் வியர்வைச் சோதனை. கையில் மருந்து வைத்து, இலேசாக மின்சாரம் செலுத்தி, வியர்வையை எடுத்து உப்பை அளக்கிறார்கள். குளோரைடு 60க்கு மேல் இருந்தால் இந்த நோய். அவனுக்கு நூறைத் தாண்டியிருந்தது.

என்னிடம் பழுதான மரபணு ஒன்று, அவரிடம் ஒன்று. எங்கள் இருவருக்கும் எந்தக் குறையும் தெரியாது. இரண்டும் சேர்ந்து பிள்ளைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்கிறார்கள். சொந்தத்தில் கட்டவில்லையே, எப்படி வந்தது என்று அம்மா கேட்டார். அந்நியத்தில் கட்டினாலும் வரலாம், அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் வேண்டாத தெய்வமும் இல்லை, அவர் மேல் குற்றமும் இல்லை.

நெஞ்சிலும் வயிற்றிலும் ஊறும் நீர் பசைபோல் கெட்டியாகிவிடுவதுதான் இந்த நோய். நெஞ்சில் கெட்டியானால் சளி, கணையத்தில் கெட்டியானால் செரிமானம் கெடும். அதனால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் அவனுக்கு மாத்திரை. கல்லீரலிலும் இதுவே நடக்கிறது. பித்தநீர் கெட்டியாகி, அது வழியும் சின்னக் குழாய்களை அடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக்கிவிடும். இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குக் கல்லீரல் கடுமையாகக் கெட்டுவிடுகிறது. நம் பிள்ளைக்கு இதுவரை பெரிய சேதம் இல்லை. ஈப்போவில் ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொரு முறையும், அந்தக் குளிர்ந்த பசையைத் தடவி வயிற்றின் மேல் கருவியை நகர்த்துகிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இப்படிப்பட்ட கல்லீரலுக்கு மேலே ஒரு காமாலைக் கிருமியும் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும், அண்ணா? நான் பயப்படுவது அதற்குத்தான். ஊருக்கு அல்ல.

போன வருடம் நடந்ததை உங்களிடம் மறைத்துவிட்டேன். நான் வேலைக்குப் போகும் நாட்களில் அவனை ஓர் ஆயா வீட்டில் விட்டிருந்தேன். அங்கே வந்த இன்னொரு பிள்ளைக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. அந்தப் பிள்ளையின் வீட்டார் சொல்லவில்லை, ஆயாவும் வரும்படி போய்விடும் என்று சொல்லவில்லை. கடைத்தெருவில் யாரோ பேசித்தான் எனக்குத் தெரிந்தது. ஹெபடைட்டிஸ் ஏ என்ற காமாலைக் கிருமி. மலத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து சாப்பாட்டுக்கும் போகிற வகை. கண் மஞ்சளாவதற்கு இரண்டு வாரம் முன்பே கிருமி வெளியே வரத் தொடங்கிவிடுமாம். அதாவது எல்லோரும் ஒரே தட்டில் பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்ட நாட்களில். சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாமல் வந்து போய்விடும், ஆனால் பரப்பிவிடுவார்கள்.

டாக்டர் மேசை நாள்காட்டியை என் பக்கம் திருப்பி நாட்களை எண்ணினார். அவன் கடைசியாக அந்த வீட்டில் இருந்து 9 நாள் ஆகியிருந்தது. கிருமி பட்ட இரண்டு வாரத்துக்குள் தடுப்பூசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்றார். இந்த ஊசி இங்கே அரசாங்கம் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடும் பட்டியலில் இல்லை, காசு கொடுத்துப் போட வேண்டும். பிறகு போடலாம் என்று நாங்கள் தள்ளி வைத்திருந்தோம். அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. அன்றைக்கே போட்டோம். "50 நாள் வரை வரலாம். இன்னும் 41 நாள் பாருங்கள்" என்றார்.

அந்த 41 நாளும் விடிந்ததும் நான் செய்த முதல் வேலை, அவனைத் தூக்கிக்கொண்டு சன்னலோரம் போய், கீழ் இமையை விரலால் இழுத்து வெள்ளை விழியைப் பார்ப்பது. விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத் தெரியும் என்பதால் சூரிய வெளிச்சத்துக்குக் காத்திருப்பேன். ஒன்றுக்குப் போனால் நிறம் பார்ப்பேன். பிறகு அவனே பழகி, எழுந்ததும் கண்ணை அகல விரித்துக்கொண்டு என்னிடம் ஓடி வருவான். ஒன்றும் வரவில்லை. ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று.

அந்தப் பிள்ளை இரண்டு மாதத்தில் தேறிவிட்டான். அவன் அம்மாமேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை. சொன்னால் ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறாள். நம் ஊரிலும் நாம் அப்படித்தானே செய்தோம்?

அண்ணா, இனி எழுதுவதை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.

அப்பா ஒரு நாளும் குடித்ததில்லை. ஆனால் வயிறு வீங்கி, கால் வீங்கி, கண் மஞ்சளாகிப் படுத்தபோது ஊரே "இரகசியமாகக் குடித்திருக்கிறார்" என்றது. பங்காளிகள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஏழு மாதம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். கடைசியில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது தந்த காகிதத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். மடித்த இடமெல்லாம் கிழிந்துபோய், டேப் ஒட்டியிருக்கிறது. அதில் "எச்.பி.எஸ்.ஏ.ஜி. – பாசிட்டிவ்" என்று எழுதியிருக்கிறது. அன்று நமக்கு அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. இங்கே நான் கர்ப்பமாக இருந்தபோது இரத்தம் எடுத்த நர்ஸ், அதே எழுத்துகளைக் காட்டி, "உங்களுக்கு நெகட்டிவ், நல்லது" என்றார். அன்றுதான் புரிந்தது. அப்பாவைக் கொண்டுபோனது குடி அல்ல, ஹெபடைட்டிஸ் பி. வருடக்கணக்காக உள்ளே இருந்து, ஒரு வலியும் காட்டாமல் கல்லீரலைத் தின்றிருக்கிறது.

இது இரத்தத்தின் வழி வருவது. தாயிடமிருந்து பிள்ளைக்கு, ஊசியில், கத்தியில். நீங்கள் மீசை முளைத்த புதிதில் அப்பாவின் சவரப் பெட்டியை எடுத்து, அதே பிளேடில் மழித்துக் கன்னத்தைக் கீறிக்கொண்டு வந்து நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா சிரித்தார். அந்தக் காட்சியைத்தான் இந்த நாலு வருடமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு நெகட்டிவ் என்பதால் உங்களுக்கும் அப்படியே என்று ஆகாது. நமக்குச் சின்ன வயதில் இதற்கான தடுப்பூசி கிடைக்கவில்லை. நான் பிறந்த 1989ஆம் வருடமே மலேசியா எல்லாக் குழந்தைகளுக்கும் அதைப் போடத் தொடங்கிவிட்டது. நம் தமிழ்நாட்டில் அது பல வருடம் கழித்துத்தான் வந்தது. 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கும் சேர்த்த ஊசி வந்தது, அதில் இதுவும் உண்டு. உங்கள் மகள் பாப்பா அதற்குப் பிறகு பிறந்தவள், அவளுக்குப் போட்டிருப்பார்கள். அட்டையை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

ஆகவே நீங்களும் அம்மாவும் அண்ணியும் ஒருமுறை இரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். அம்மாவிடம் எப்படிச் சொல்லி அழைத்துப் போவது என்று உங்களுக்குத் தெரியும். 2018இல் மத்திய அரசு இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவமனையில் கேளுங்கள். இல்லை என்று வந்தால் மூன்று ஊசி: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். இருக்கிறது என்று வந்தால் அதை அடக்கி வைக்க மாத்திரை உண்டு, அப்பாவுக்குக் கிடைக்காதது. கீழாநெல்லியை நம்பி உட்கார வேண்டாம். சென்னை ஆய்வாளர்கள் 1988இல் லான்செட் மருத்துவ இதழில் அது பலன் தருவதாக எழுதியது உண்மைதான். பிறகு மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்று டாக்டர் சொன்னார். நாம் அந்த ஏழு மாதத்தை அதிலேயே போக்கினோம்.

இனி அம்மாவுக்கு வாசிக்கலாம்.

ஐயனார் கோயிலில் முடி இறக்குவதை மூன்றாம் வயதில் செய்யாமல் தள்ளியது என் தவறு என்கிறார் அம்மா. அப்போது அவன் மருத்துவமனையில் படுத்திருந்தான். இப்போது ஐந்தாம் வயது, தையில் கட்டாயம் வருகிறோம். மொட்டையும் போடுவோம், காதும் குத்துவோம். முடி இறக்குகிறவரிடம் நீங்கள் முன்பே போய்ப் பேசிவிடுங்கள். பிளேடு பாக்கெட்டை நம் கண்முன்னே பிரிக்க வேண்டும். பாதி பிளேடு செருகும் பிடியையும் நாமே புதிதாக வாங்கிக் கொடுத்துவிடுவோம். நனைக்கும் தண்ணீர் நம் சொம்பில் இருக்கட்டும். முன்னால் நாலு தலையைச் சிரைத்த கத்தியைத் துணியில் துடைத்துவிட்டு அடுத்த தலைக்கு வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். உலர்ந்த இரத்தத்தில் பி கிருமி 7 நாள் உயிரோடு இருக்கும். அவனுக்குப் பிறந்த அன்றே பி ஊசி போட்டாயிற்றே என்று கேட்பீர்கள். போட்டாயிற்று, எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று சோதித்தும் பார்த்தாயிற்று. ஆனால் சி என்று இன்னொன்று இருக்கிறது. அதுவும் இரத்தத்தில்தான் வரும், அதற்குத் தடுப்பூசியே கிடையாது. காது குத்த ஆசாரி வரட்டும், சீர் தட்டு வரட்டும். ஊசி மட்டும் நான் இங்கிருந்து உறை பிரிக்காமல் கொண்டுவருகிறேன்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏ வகைக்கு ஊசி போட்டிருந்தாலும் ஈ என்ற வகையும் தண்ணீரில்தான் வருகிறது. அதற்கு இங்கும் அங்கும் வழக்கமாகப் போடும் ஊசி இல்லை. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் போதும், பாட்டில் தண்ணீர் வாங்கி அடுக்க வேண்டாம். அண்ணியின் மோரில் அவனுக்கு மட்டும் உப்பு கூடுதலாகப் போடச் சொல்லுங்கள், வியர்வையில் அவ்வளவு உப்பை இழக்கிறான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அவனுக்கு ஊட்டச் சொல்லுங்கள். கையில் தடவும் மருந்துத் தண்ணீர் இந்தக் கிருமிக்கு அவ்வளவாகப் பலிக்காது. ஊரில் யாருக்காவது காய்ச்சலோ காமாலையோ இருந்தால் தயங்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் கோபிக்க மாட்டேன். சொல்லாமல் இருப்பதற்குத்தான் பயப்படுகிறேன்.

உங்கள் இரத்த முடிவு எப்படி வந்தாலும் அவன் உங்கள் மடியில்தான் உட்காருவான். மடியில் உட்காருவதாலோ, கட்டிக்கொள்வதாலோ, ஒரே இலையில் சாப்பிடுவதாலோ பி வராது. இதை டாக்டரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். என் பிள்ளைக்காக மட்டும் உங்களைச் சோதித்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தொன்று. உங்களுக்கு இப்போது நாற்பத்துமூன்று.

திருச்சி விமானத்துக்கு இவர் அடுத்த சம்பளத்தில் டிக்கெட் எடுத்துவிடுவார். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, "மாமா இப்படித்தான் பிடிப்பாரா?" என்று தினமும் கேட்கிறான் உங்கள் மருமகன். தனக்கு முடி எடுத்தால் மாமா மீசையையும் எடுக்க வேண்டுமாம். அதற்கு என்ன பதில் என்று அவனுக்கு நீங்களே எழுதுங்கள்.

அன்புத் தங்கை